ஏழு வயதில் ஏழு வயதாயிருத்தல்

இலங்கைச் சாரணர் சங்கத்தின் ஏணியில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு படி உண்டு. 5 முதல் 7 வரை சிங்கிதி. 7 முதல் ஏறக்குறையப் பத்தரை, பதினொன்றுவரை குருளைச் சாரணர். அதற்குப் பிறகு கனிஷ்ட சாரணர், பதினைந்தை ஒட்டிச் சிரேஷ்ட சாரணர், 18க்கு மேல் 24 வரை திரிசாரணர். ஒவ்வொரு பருவத்துக்குள்ளும் சின்னப் படிகள் உண்டு. சாரணருக்கு அங்கத்துவச் சின்னம், சாரணர் விருது, மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது, உச்சியில் ஜனாதிபதி விருது. கொழும்பில் இருந்து இந்தப் பட்டியலை வாசிப்பவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிளிநொச்சியில் இருந்து வாசித்தால் முதலில் கண்ணில் படுவது விருதுகள் அல்ல, வயதுகள்தான். ஒரு பிள்ளைக்கு ஏழு வயது நடக்கும், பிறகு எட்டு நடக்கும், அதே மரத்தடியில், அதே ரீச்சருடன், அதே கூட்டாளிகளோடு ஒன்பதும் நடக்கும் என்ற நம்பிக்கைச் சுவரில்தான் இந்த ஏணி சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வன்னியில் ஏணிகளுக்குக் குறைவிருக்கவில்லை. சுவர்தான் நிற்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது ஏழு வயதாயிருந்த பிள்ளைக்கு 2009 மே மாதத்தில் ஒன்பதோ பத்தோ வயது. குருளைப் பருவம் தொடங்கி முடிவதற்கு எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்குள் கடைசிப் போரும் தொடங்கி முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளையும் படி ஏறாமல் இருக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், பிறகு விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். ஒவ்வோரிடத்திலும் ஒரு புதுத் தேர்ச்சி. பங்கர் வெட்டும்போது மண்ணை எந்தப் பக்கம் அள்ளிப் போடுவது, தறப்பாளைக் காற்றுப் பிடுங்காமல் எப்படி இழுத்துக் கட்டுவது, ஈர விறகில் அடுப்பு மூட்டுவது, செல் கூவி வரும் சத்தத்தைக் கேட்டு அது நமக்கா அயலுக்கா என்று சொல்வது, கஞ்சி வரிசையில் தம்பிக்கும் சேர்த்து இடம் பிடிப்பது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள் வந்து விழுந்தபோது, சாரணக் கைநூல் கேட்கிற தேர்ச்சிகளில் பாதிக்குமேல் அதற்குக் கைவந்திருந்தது. சின்னம் குத்திவிடத்தான் ஆளில்லை. அந்த ஆண்டு ஓகஸ்டிலேயே, முட்கம்பி வேலிக்குள் இருந்தபடி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகள் தோற்றினார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளையின் வயதை அரசு ஒழுங்காக நினைவில் வைத்திருந்தது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

வயது என்பது வன்னியில் வேறொரு குரலிலும் பேசப்பட்டது. ‘வீட்டுக்கு ஒருவர்’ என்று புலிகள் இயக்கம் ஆள்பிடித்த அந்த ஆண்டுகளில், பிள்ளைக்குப் பதினேழா பதினெட்டா என்பது ஒரு வீட்டின் நித்திரையைத் தீர்மானித்தது. வயதைக் குறைத்துச் சொன்ன வீடுகள் உண்டு. பிள்ளையைப் பகலில் வெளியே தலைகாட்ட விடாத வீடுகளும் உண்டு. கலியாணம் முடித்தவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்ற பேச்சு ஊரில் பரவ, பதினைந்து பதினாறு வயதில் அவசரமாகத் தாலி ஏறிய பெட்டைகளும் தாலி கட்டிய பொடியன்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு சரணடைந்தவர்களில் 594 பேர் பதினெட்டுக்கு உட்பட்டவர்கள் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. பிறகு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை இடம்பெயர்வில் தொலைத்தவர்கள் நடமாடும் சேவைகளின் வரிசைகளில் நின்றார்கள். பிறப்பே பதியப்படாதவருக்கு அனுமான வயதுச் சான்றிதழ் என்று ஒன்று கிடைக்கும். உத்தேசமாக இன்ன வயது என்று அரசாங்கம் முத்திரை குத்தித் தரும் கடுதாசி. சாரணர் பதிவுப் படிவத்தில் பிறந்த திகதிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு தாயின் பேனை கொஞ்சம் நின்று போனால், அந்த நிற்றலுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

வயதைப் படிகளாக அடுக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. நம்மிடம் பாட்டியல் நூல்கள் இருக்கின்றன. ஆணுக்குப் பன்னிரு பாட்டியல் வகுத்த பருவங்களைப் பாருங்கள்: 7 வரை பாலன், 10 வரை மீளி, 14 வரை மறவோன், 15இல் திறலோன், 16இல் காளை, 30 வரை விடலை, அதற்குமேல் முதுமகன். சாரணர் சங்கம் கோடு கிழித்திருக்கும் அதே ஏழு, ஏறக்குறைய அதே பத்து, அதே பதினான்கு. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. பிள்ளைகளை நெடுநாள் பார்த்துக்கொண்டிருந்தால் கோடு தானாக அந்த இடங்களில்தான் விழும்போலும். ஆனால் எதற்காகக் கோடு கிழிக்கிறோம் என்பதில் இரண்டும் பிரிந்து போகின்றன. பதினொரு வயதுப் பையனுக்கு நம் பாட்டியல் வைத்திருக்கும் பெயர் மறவோன். பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை என்று வரும் ஏழு பருவமும் உலாவில் பவனி வரும் அரசனைக் கண்டு மயங்குவதற்காக வரிசையில் நிறுத்தப்பட்டவை. ஒருவனைப் படைக்கும் ஒருத்தியைக் காமத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் படிகள்.

பிள்ளைத்தமிழ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. காப்பில் தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி என்று, ஒரு குழந்தை தலை நிமிர்த்துவதையும் கை தட்டுவதையும் அம்புலியை அழைப்பதையும் இவ்வளவு பொறுமையாக நின்று பார்த்த இலக்கிய வகை வேறு மொழியில் உண்டா என்பது ஐயம். ஆனால் அது சிறுபறை கொட்டி, சிறுதேர் உருட்டுவதோடு நின்றுவிடுகிறது. தேரை விட்டு இறங்கிய பையன் அடுத்தாற்போல் நம் இலக்கியத்தில் தென்படுவது புறநானூற்றின் 279ஆம் பாட்டில். தகப்பனையும் கணவனையும் போருக்குக் கொடுத்துவிட்ட தாய், ஒரே மகனுக்குத் தலை வாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் அந்தப் பாட்டு நம் மேடைகளில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதைத் துயரத்தின் பாட்டாக வாசிக்க இடமிருந்தது. நாம் ஆணையாக வாசித்தோம். சிறுதேருக்கும் வேலுக்கும் நடுவிலிருக்கும் எட்டு, ஒன்பது, பத்து வயதுக்குப் பாட்டியலில் பெயர் இருக்கிறது, பாட்டு இல்லை. அந்த வயதில் பிள்ளை என்ன செய்யும், என்ன செய்ய விடலாம் என்று நின்று யோசித்த ஒரு நூலை என்னால் நினைவுகூர முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், சாரணியமும் ஒரு முற்றுகைக்குள்தான் கருக்கொண்டது. 1899 ஒக்ரோபரிலிருந்து 1900 மே வரை, 217 நாட்கள், தென்னாபிரிக்காவின் மேஃபக்கிங் நகரைப் போயர்கள் சுற்றி வளைத்து நின்றார்கள். உள்ளே கட்டளைத் தளபதி பேடன் பவல். ஆள் பற்றாக்குறை. நகரத்துப் பையன்களுக்குக் காக்கி உடுப்புப் போட்டுச் செய்தி கொண்டுபோகவும் காவல் பார்க்கவும் விட்டார்கள். அவர்களுக்குத் தலைவனாயிருந்த வார்னர் குட்இயருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான். 1908இல் வெளிவந்த சாரண நூலின் தொடக்கத்திலேயே பேடன் பவல் இந்தப் பையன்களின் கதையைப் பெருமையோடு சொல்கிறார். வன்னியில் இருந்து அந்தப் பக்கங்களை வாசிக்கிறவனுக்கு அந்தப் பெருமை தொண்டையில் சிக்கும். முற்றுகைக்குள் ஓடித்திரிந்த பொடியன்களை நாங்களும் கண்டிருக்கிறோம்.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1907 ஓகஸ்டில் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களோடு போட்ட முகாமில் துவக்கு இல்லை. தடம் பார்ப்பதும் சமைப்பதும் கதை கேட்பதும்தான். ஐந்தே ஆண்டில் அது இலங்கைக்கு வந்தது: 1912, மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி, பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ். 1917இல் கண்டியில் பெண் சாரணியரும் தொடங்கியாயிற்று. நம் கதைக்கு இவற்றைவிட முக்கியமானது 1916. அண்ணன்மாரின் சாரணக் கூட்டங்களுக்குப் பின்னாலேயே இழுபட்டு வந்த தம்பிமாரை என்ன செய்வது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். சிலர் வயதை ஏற்றிச் சொல்லி உள்ளே நுழைந்தார்கள். ஐரோப்பா முழுதும் போர் எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் இராணுவத்திலேயே சேர்ந்துகொண்டிருந்தார்கள். பேடன் பவல் அந்தத் தம்பிமாருக்கு அண்ணன்மாரின் படிகளைச் சின்னதாக வெட்டிக் கொடுக்கவில்லை. கிப்ளிங்கின் காட்டுக் கதையை வாங்கி, அவர்களுக்கென்று தனியாக ஓர் உலகத்தையே கட்டிக் கொடுத்தார். அகேலா என்ற கிழ ஓநாய், பலூ என்ற கரடி, பாறையைச் சுற்றிக் கூடும் கூட்டம். பத்து வயதுவரை நீ சாரணனே அல்ல, குருளை. உனக்குச் சட்டம் வேறு, சின்னம் வேறு, விளையாட்டு வேறு.

இலங்கையில் ஓநாய் கிடையாது. வன்னிப் பிள்ளை இரவில் கேட்டு வளர்வது நரியின் ஊளையைத்தான். கரடி மட்டும் உண்மையாகவே உண்டு. காட்டுக்குத் தேன் எடுக்கப் போய் அதனிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை ஊர்களில் காணலாம். பலூ நல்ல வாத்தியார் என்று சொன்னால் அந்த வீட்டுப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனாலும் வட்டமாகக் குந்தி, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி, ஒரே குரலில் ஊளையிட்டு எழும்போது எட்டு வயதுக்காரர் எவரும் விலங்கியல் பார்ப்பதில்லை.

அந்த வட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் பிரயோசனமின்மை. போர் முடிந்த நாளிலிருந்து வன்னிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு பிரயோசனம் இருந்தது. உளவள ஆலோசனை இருந்தது. கண்ணிவெடி விழிப்புணர்வு இருந்தது. தலைமைத்துவப் பயிற்சி, நல்லிணக்க முகாம் என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாம் தேவையானவைதான். ஆனால் அவை அத்தனையும் அந்தப் பிள்ளையை ஏதோ நடந்துபோன ஒன்றின் மிச்சமாகவோ, வரப்போகிற ஒன்றின் கச்சாப்பொருளாகவோ பார்த்தன. குருளைச் சாரணரின் சின்னத்துக்கு வேண்டியது என்ன? சப்பாத்து நாடா கட்டத் தெரியவேண்டும். பந்தை எறிந்து பிடிக்கவேண்டும். பல் விளக்க வேண்டும். ஒரு முடிச்சைப் போடவும் அவிழ்க்கவும் வேண்டும். இயன்றதைச் செய் என்பதே அவர்களின் வாசகம். யாரைவிடவும் நன்றாக என்று அதில் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தயாராயிரு என்பது மூத்த சாரணரின் வாசகம். வன்னியில் அதைச் சாரணருக்கு முன்பே எல்லா வீடும் கற்றிருந்தது. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், நகை இருந்தால் நகை, எல்லாம் போட்டுக் கட்டிய ஒரு பை கதவோரம் எப்போதும் இருந்தது. பாதைக் குறிகளும் அப்படித்தான். கல்லை அடுக்கி அம்பு போடுவது இந்த வழி என்பதற்கு, குச்சிகளைக் குறுக்கே வைப்பது இது வழியல்ல என்பதற்கு. குருளைப் பருவம் தாண்டிய பிள்ளை முதலில் விரும்பிப் பழகுவது இதைத்தான். வன்னியில் பிள்ளைகள் படித்த முதல் பாதைக் குறி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை. பிறகு, வெடி அகற்றுவோர் நட்ட தடிகள்: சிவப்புத் தலை என்றால் அந்தப் பக்கம் போகாதே, வெள்ளை என்றால் துப்புரவாக்கியாயிற்று. எனவே இந்த ஊரில் ஒரு சாரண ஆசிரியர் பிள்ளைகளைக் காட்டோரம் தடம் பார்க்கக் கூட்டிப்போகிறபோது, விளையாட்டின் அடியில் இன்னொன்றும் கிடக்கிறது. கண்டது எதையும் தொடாதே என்பது வன்னியின் விதி. கண்டதையெல்லாம் எடுத்துப் பார் என்பது குருளையின் இயல்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ரீச்சருக்கு எந்தக் கைநூலும் உதவாது.

உடுப்பைப் பற்றியும் பேசவேண்டும். சீருடை போட்ட பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கொடி ஏற்றி, கையை நெற்றிக்குக் கொண்டுபோகச் சொல்லும் எதையும் இங்குள்ள தாய் ஒருத்தி சும்மா பார்த்துக்கொண்டு போகமாட்டாள். “உடுப்புப் போட்டு நிண்டதுகள் ஒண்டும் திரும்பி வரேல்லைத் தம்பி” என்று ஓர் ஆச்சி சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. போருக்குப் பிறகும் நிலைமை தெளியவில்லை. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளிகளை நடத்தி, ஆசிரியைகளுக்குச் சம்பளமும் கொடுத்தது. மூன்று நாலு வயதுப் பிள்ளைகளின் சட்டையில் அந்தத் திணைக்களத்தின் சின்னம் இருந்தது பற்றிக் கண்டனங்கள் வந்தன. ஆக, கழுத்துப்பட்டி கட்டிய குருளை அந்தத் தாயின் கண்ணில் எந்த வரிசையில் போய் நிற்கும்? சாரணியம் படையல்ல என்று அறிக்கை விடுவதால் இது தீராது. தீர்வதென்றால், வயதைக் காப்பாற்றும் அந்த ஒழுங்கால்தான் தீரும். எந்தப் பிள்ளையையும் நாளைக்கு வேண்டுமென்று இன்றைக்கே மேல்படிக்குத் தூக்காத உடுப்பு இது என்று அவள் தன் கண்ணால் காணவேண்டும். ஏழு வயதுக்காரனை எட்டு வயதுவரை ஏழு வயதுக்காரனாகவே வைத்திருக்கிற ஒரு சீருடையை அவள் முன்பு கண்டதில்லை.

அப்படி வைத்திருக்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்வேன். குருளைப் பருவத்தின் கடைசி ஆண்டும் புலமைப்பரிசில் ஆண்டும் ஒன்று. தரம் நான்கின் நடுவிலேயே பிள்ளை பின்னேர வகுப்புகளுக்குள் காணாமற் போய்விடும். குருளை சாரணனாகக் கடந்து போகும் அந்தச் சடங்கு, ஒரு பக்கம் தம்பிமாரின் வட்டம், மறுபக்கம் அண்ணன்மார் லாட வடிவில் நிற்க, நடுவில் பிள்ளை தனியாக நடந்து போவது, இந்த முழு ஏணியிலும் அழகான இடம். பல வன்னிப் பாடசாலைகளில் அதை நடத்த முடியாது. பாடசாலை தரம் ஐந்தோடு முடிந்துவிடும். மறுபக்கத்தில் நிற்க அண்ணன்மார் இல்லை. அவர்கள் வேறு பாடசாலையில், சிலவேளை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். கஷ்டப் பிரதேசச் சேவைக்கு வந்த ரீச்சர் ஆர்வத்தோடு ஒரு குருளைக் குழுவைத் தொடங்குவார். அவருக்குச் சொந்த மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைத்த அன்றே குழுவும் முடியும். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வீட்டில் ஏழு வயதில் ஒன்று இருக்கும்.

மேல்படிகளில் வேறு கதை. ஜனாதிபதி விருது இன்றைக்குச் சுயவிபரக் கோவையின் ஒரு வரி. தேர்ச்சிச் சின்னங்களைக் கணக்கெடுத்து, எந்த மாதத்துக்குள் எதை முடிக்கவேண்டும் என்று சுவரில் அட்டவணை ஒட்டிய பெற்றோரை எனக்குத் தெரியும். சாரணர் வேலை வாரத்தில் பிள்ளை வீடுவீடாகப் போய் முற்றம் கூட்டி, விறகு அடுக்கிக் காசு வாங்க வேண்டும். தகப்பனே நண்பர்களிடம் காசை வாங்கி அட்டையை நிரப்பிவிடுகிறார். விசுவமடுப் பக்கம் கச்சான் பிடுங்கும் காலத்தில் அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் ஒருவன் தோட்டத்தில் உண்மையாகவே கூலிக்கு நின்றுகொண்டிருப்பான். அவன் சாரணன் அல்ல. சட்டைக்கும் சப்பாத்துக்கும் காசில்லை. மாவட்டத்தில் இந்த ஆண்டு ஜனாதிபதி விருது எத்தனை என்று மேடையில் வாசிக்கிறபோது, ஏழு வயதில் சேர்ந்து பதினொன்றுவரை ஒரே குழுவில் இருந்த பிள்ளைகள் எத்தனை என்றும் யாராவது வாசித்தால் நன்றாயிருக்கும். இரண்டாவது எண் கொஞ்சம் வெட்கப்பட வைக்கும் என்பதால்தான் அதைக் கேட்கவேண்டும் என்கிறேன்.

2006இல் ஏழு வயதாயிருந்தவர்கள் இப்போது இருபதுகளின் பின்பாதியில் இருக்கிறார்கள். திரிசாரணராக இருக்கவும் வயது தாண்டிவிட்டது. அவர்களில் ஆசிரிய நியமனம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். தரம் மூன்றுக்குப் படிப்பிக்கிற ஒருத்தியிடம் அதிபர், “குருளைச் சாரணரையும் நீங்களே பாருங்கோ ரீச்சர்” என்று சொல்லிவிட்டால், அந்த ரீச்சர் பயிற்சிக்குப் போகவேண்டும். சாரணத் தலைவர் பயிற்சியில் விரிவுரை குறைவு. வளர்ந்தவர்களே குழுவாகப் பிரிந்து, கழுத்துப்பட்டி கட்டி, பிள்ளைகள் செய்வதையெல்லாம் செய்து பழகவேண்டும். ஒருவர் அகேலா ஆவார். மற்றவர்கள் சேலையைச் செருகிக்கொண்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வட்டமாகக் குந்தி ஊளையிட வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வரும். மாத்தளனில் எட்டு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த அந்த ரீச்சருக்கும் சிரிப்புத்தான் வரும். பயிற்றுநர் இன்னொரு தரம் செய்யச் சொல்வார். குரல் ஒன்றாக எழும்பவில்லை என்பார். திங்கட்கிழமை பாடசாலைக்குத் திரும்பும்போது அவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் தரம் மூன்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டது.